இங்கிலாந்துக் கால்வாயில் நேரோபோட் முரண்டு பிடித்தால்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து நேரோபோட் எனப்படும் குறுகலான நீண்ட கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, நடந்து செல்பவரின் வேகத்தில் இங்கிலாந்தின் கால்வாய்களில் ஊர் ஊராகச் செல்வதற்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. முன் அனுபவமும் கட்டாயமில்லை. படகை ஒப்படைக்கும்போது நிறுவனத்தார் எல்லாவற்றையும் விளக்கிக் காட்டுவார்கள் என்றாலும், புறப்படும் பரபரப்பில் கேட்ட விளக்கம் மூன்றாம் நாள் கோளாறு வரும்போது நினைவில் நிற்பதில்லை. அந்த நேரத்தில் திறந்து பார்ப்பதற்காகவே, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிப் போகும் முறையில் இக்குறிப்பு எழுதப்பட்டுள்ளது.

கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான முதல் வேலை ஒன்று உண்டு. படகு ஓடிக்கொண்டிருந்தால் வேகக் கைப்பிடியை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும்; லாக்கினுள், அதாவது இருமுனையிலும் கதவுகள் கொண்டு நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை மேலோ கீழோ கொண்டுசெல்லும் தொட்டியினுள் இருந்தால், நீரை உள்ளே விடவும் வெளியேற்றவும் உள்ள மதகுகளில் திறந்திருப்பவற்றை மூட வேண்டும். இந்தப் படகு 6 அடி 10 அங்குல அகலமே உடையது, நீளமோ 70 அடி வரை போகும், எடை பதினைந்து டன்னைத் தாண்டும், பிரேக் கிடையாது. இத்தகைய ஒன்றை விசையால் வழிக்குக் கொண்டுவர முயல்கிறவர் கோளாறைப் பெரிதாக்குகிறார். கால்வாய் நீர் பெரும்பாலும் ஓடாத நீர் என்பதால், விசையை நிறுத்திவிட்டு யோசிப்பதற்கு நேரம் பெரும்பாலும் கிடைக்கும். கீழே வரும் லாக் விபத்துகளும், டிரென்ட் போன்ற ஆறுகளோடு கால்வாய் சேரும் பகுதிகளும் இதற்கு விலக்கு; ஆற்றில் நீரோட்டம் படகை இழுத்துச் செல்லும் என்பதால், ஆற்றில் நுழைவதற்கு முன்பே நங்கூரம் கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும்.

என்ஜின் உறுமுகிறது, படகு நகரவில்லை, பின்தளம் அதிர்கிறது, கரும்புகை வருகிறது

புரொப்பெல்லரில் ஏதோ சுற்றிக்கொண்டுள்ளது. நகர்ப்புறங்களில் இது அன்றாட நிகழ்ச்சி. பிளாஸ்டிக் பை, நைலான் கயிறு, பழைய துணி, சில வேளைகளில் முள்கம்பி என்று எதுவும் இருக்கலாம். லண்டனின் சவுத்தால் பக்கத்துக் கிராண்ட் யூனியன் கால்வாயில், வழிபாட்டுக்குப் பின் நீரில் விடப்படும் தேங்காய்களைக்கூடக் காணலாம். அவற்றோடு விடப்படும் துணிதான் புரொப்பெல்லருக்குப் பகை. இலையுதிர் காலத்திலோ, சுற்றியிருப்பவை வெறும் இலைக் குவியலாகவும் இருக்கக்கூடும். ஆகவே முதலில் நியூட்ரலுக்கு வந்து, சில நொடிகள் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். இலைகளானால் கழன்று போய்விடும்.

போகவில்லையென்றால் படகைக் கரையில் கட்டி, என்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, கையை நீருக்குள் விடப்போகிறவர் தம் சட்டைப்பையிலேயே அதை வைத்துக்கொள்ள வேண்டும். நண்பர்கள் பலர் இருக்கும் படகில், உள்ளிருந்து வரும் ஒருவர் விவரம் தெரியாமல் என்ஜினைக் கிளப்பிவிடும் ஆபத்து உண்டு என்பதால் இந்த ஒரு விதியில் தளர்வே கூடாது.

பின்தளத்துப் பலகையைத் தூக்கினால், புரொப்பெல்லருக்கு நேர் மேலே இரும்புப் பெட்டி போன்ற ஒரு திறப்பும், அதன் மூடியைக் குறுக்குச் சட்டத்தால் அழுத்திப் பிடித்திருக்கும் திருகும் தெரியும். வீட் ஹாட்ச் எனப்படுவது இதுதான். திருகைத் தளர்த்தி மூடியை எடுத்ததும் கீழே கறுத்த நீர் தெரியும். உள்ளே கண்ணால் பார்த்துச் செய்யக்கூடிய வேலை எதுவுமில்லை, எல்லாம் விரல்கள் அறிந்து செய்ய வேண்டியவை. தடித்த கையுறை அணிந்து, முதலில் தண்டைத் தொட்டு, அதன் வழியே புரொப்பெல்லரின் இதழ்களுக்குப் போக வேண்டும். சுற்றியிருப்பதன் முனை அகப்பட்டால், சுற்றிய திசைக்கு எதிராகப் பிரிக்க வேண்டும். அகப்படாவிட்டால், ரொட்டி அறுக்கும் பல்வைத்த கத்தியால் தண்டின் நீளவாக்கில் அறுக்க வேண்டும். கத்தியை ஒரு கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது நல்லது. நழுவினால் திரும்பக் கிடைக்காது. கம்பியானால் வெட்டுக்குறடு வேண்டும். வெளியே எடுத்ததை மீண்டும் நீரில் எறியாமல் குப்பைப் பையில் போட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் படகு அதையே சுற்றிக்கொள்ளும்.

இந்த வேலையில் உயிர்நாடியான பகுதி மூடியைத் திரும்பப் பொருத்துவதே. அது சரியாக அமராமலோ திருகு இறுகாமலோ இருக்கையில் என்ஜினைக் கிளப்பினால், புரொப்பெல்லர் தள்ளும் நீர் அத்திறப்பு வழியே என்ஜின் அறைக்குள் பாய்ந்து, படகையே மூழ்கடித்துவிடும். ஆகவே மூடி பொருந்தும் விளிம்பைத் துடைத்து, திருகை இறுக்கி, பலகையைப் போடுவதற்கு முன்பே என்ஜினைக் கிளப்பி, மெல்ல முன்னோக்கிய கியரில் போட்டு, மூடியைச் சுற்றி நீர் கசிகிறதா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பின்னர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற காய்ச்சல் வரக்கூடும்; ஓரிரு வாரங்களில் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், கால்வாய் நீரில் கை வைத்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

படகு மெல்ல ஒருபுறம் சாய்ந்து நின்றுவிட்டது

சேற்றில் தரை தட்டியுள்ளது. கால்வாயின் ஆழம் பல இடங்களில் நான்கடிக்கும் குறைவு; படகின் அடிப்பகுதியோ இரண்டடி அல்லது அதற்குச் சற்று மேல் நீருக்குள் இருக்கும். வளைவுகளின் உட்புறத்திலும் கரையோரங்களிலும் வண்டல் சேர்ந்திருப்பதால் அங்கே இது எளிதில் நேரும். முன்னோக்கி விசை கொடுத்துத் தாண்டிவிடலாம் என்று நினைப்பது மேலும் ஆழமாகச் சேற்றில் புதைவதற்கே வழி. வந்த வழியே பின்னோக்கி, விட்டு விட்டு விசை கொடுக்க வேண்டும். முன்பகுதி சிக்கியிருந்தால் எல்லாரும் பின்பகுதிக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் சிக்கியிருந்தால் எதிர்ப்பக்கத்துக்குப் போக வேண்டும். நான்கைந்து பேரின் எடை இங்கே உண்மையாகவே உதவுகிறது. கூரைமேல் இருக்கும் ஓடக்கோலைக் கெட்டியான தரையில் ஊன்றி, உடலுக்குப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ள வேண்டும். அதன் முனையை மார்பிலோ வயிற்றிலோ முட்டுக்கொடுக்கக் கூடாது.

டில்லரைத் திருப்பியும் படகு திரும்பவில்லை

டில்லர் என்பது சுக்கானைத் திருப்பும் கைப்பிடி. சுக்கானின் மேல் புரொப்பெல்லர் நீரைத் தள்ளினால்தான் படகு திரும்பும். நியூட்ரலில் மிதந்து போகும்போதோ பின்னோக்கிப் போகும்போதோ டில்லருக்கு ஏறத்தாழ அதிகாரமே இல்லை. குறுகிய பாலத்தை நெருங்கும்போது அச்சத்தில் விசையை முழுதும் விட்டுவிடுவதே பெரும்பாலான மோதல்களுக்குக் காரணம். சிறிது விசை இருந்தால் படகு சொன்னபடி கேட்கும். பின்னோக்கிச் செல்கையில் முன்பகுதி விலகினால், ஒரு கணம் முன்னோக்கி விசை கொடுத்து நேராக்கிவிட்டு மீண்டும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தட்டையான அடியும் உயர்ந்த பக்கங்களும் உடைய படகாதலால் பக்கக்காற்று முன்பகுதியை எளிதில் தள்ளிவிடும். திறந்த வெளியில் காற்று பலமாக வீசினால் கட்டிப்போட்டுத் தேநீர் அருந்துவதே எனது பரிந்துரை. எதிரே படகு வந்தால் வலப்புறம் ஒதுங்க வேண்டும். இந்தியச் சாலைப் பழக்கமும் இங்கிலாந்துச் சாலைப் பழக்கமும் இங்கே செல்லாது.

லாக்கில் இறங்கும்போது படகின் பின்பகுதி மேலே நிற்கிறது, முன்பகுதி தாழ்கிறது

இக்குறிப்பில் இதைவிட அவசரமான பகுதி இல்லை. லாக்கின் மேல்வாசல் கதவுகளுக்குக் கீழே, தொட்டியின் உட்புறமாக நீண்டிருக்கும் சில் என்ற கல் அல்லது கான்கிரீட் படி ஒன்று உண்டு. தொட்டி நிறைந்திருக்கையில் அது நீருக்குள் மறைந்திருக்கும். நீர் இறங்கும்போது படகின் பின்பகுதி அதன்மேல் அமர்ந்துவிட்டால், மீதிப் படகு நீரோடு இறங்க, முன்பகுதி அமிழ்ந்து, உள்ளே நீர் புகுந்து, சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும்.

செய்ய வேண்டியவை இந்த வரிசையில்தான். முதலில் கீழ்வாசல் மதகுகள் அனைத்தையும் உடனே மூட வேண்டும். அதன் பின்னரே மேல்வாசல் மதகுகளை மெல்லத் திறந்து, நீரை உயர்த்திப் படகை மீண்டும் மிதக்கவிட வேண்டும். வரிசை மாறக் கூடாது. கீழே நீர் வெளியேறிக்கொண்டிருக்க மேலே திறப்பதால் பயனில்லை. வேகமாகத் திறந்தால் பாயும் நீர் படகை மேலும் தாக்கும்.

வராமல் தடுப்பது எளிது. லாக்கின் விளிம்பில் சில் இருக்கும் இடத்தை வெள்ளைக் கோடு காட்டும். படகின் பின்பகுதி அதற்கு நன்றாக முன்னால் இருக்கும்படி, நீர் இறங்கி முடியும்வரை ஓட்டுபவர் கவனமாக இருக்க வேண்டும். கயிற்றைத் தூணில் முடிச்சுப் போடக் கூடாது. ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து, நீர் இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். முடிச்சுப் போட்ட கயிற்றில் படகு தொங்கிவிட்டாலும் முதல் வேலை மதகை மூடுவதே.

ஏறும்போதும் இதே ஆபத்து தலைகீழாக வருவதுண்டு: முன்பகுதியோ, மோதலைத் தாங்க அதில் கட்டியிருக்கும் கயிற்று மெத்தையோ கதவின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ள, நீர் ஏறும்போது பின்பகுதி உயர்ந்து முன்பகுதி அழுந்தும். அப்போது மேல்வாசல் மதகுகளை மூடிவிட்டு, கீழ்வாசல் மதகுகளைத் திறந்து நீரை இறக்க வேண்டும்.

நண்பர்கள் சேர்ந்து போகும்போது லாக்கில் ஏற்படும் சிக்கல்கள் பலவற்றுக்கு மூலகாரணம் பேச்சுத்தான். மதகருகே நிற்பவர் அரட்டையில் இருப்பார்; ஓட்டுபவர் கத்துவது என்ஜின் ஓசையில் கேட்காது. ஆகவே மதகில் நிற்பவர் படகைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். கையைத் தலைக்குமேல் தூக்கினால் ‘உடனே மூடு’ என்று பொருள் என முதல் லாக்கிலேயே எல்லாரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். படகு லாக்கில் இருக்கும்போது யாரும் அறைக்குள் படுத்திருக்கக் கூடாது.

லாக்கின் கதவு திறக்கவில்லை; மதகு அசையவில்லை

கதவின் இருபுறமும் நீர்மட்டம் ஒன்றாகாதவரை, எத்தனை பேர் தள்ளினாலும் அது திறக்காது. கண்ணுக்குத் தெரியாத ஓரிரு அங்குல வேறுபாடே போதும். முதலில் எதிர்முனைக்கு நடந்து போய், அங்கே ஒரு மதகு பாதி திறந்தே விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். எதிர்க்கதவு அதிகம் கசிந்தால், கதவின்மீது தொடர்ந்து அழுத்தம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கதவிலிருந்து கரைமேல் நீண்டிருக்கும் சட்டத்தில் முதுகைச் சாய்த்துக் கால்களால் தள்ளுவதே முறை. படகால் இடித்துத் திறக்கக் கூடாது. நேர்மாறாகக் கதவு முழுதும் திறந்து சுவரோடு ஒட்டவில்லையென்றால், பின்னால் கட்டை ஏதேனும் சிக்கியிருக்கும். ஓடக்கோலால் தள்ளி விலக்கலாம்.

மதகின் திருகு அசையாவிட்டால், விஷமிகளைத் தடுப்பதற்கான பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான தனிச்சாவி படகில் இருக்கும். மதகைத் திருகித் திறக்கும் விண்ட்லஸ் எனப்படும் கைப்பிடியில் இரண்டு அளவுத் துளைகள் இருக்கும். தவறான துளையைப் பயன்படுத்தினால் அது வழுக்கும். மதகு மேலே போனதும் பல்சக்கரத்தின் தடுப்பு சரியாக விழுந்துள்ளதா என்று உறுதிசெய்துகொண்டு, உடனே விண்ட்லஸைக் கழற்றிவிட வேண்டும். திருகிலேயே விட்டு வைத்தால், தடுப்பு நழுவும் கணத்தில் அந்த இரும்பு சுழன்று பறந்து எலும்பை முறிக்கும்.

இரு லாக்குகளுக்கு இடையில் நீரே இல்லை

காலையில் எழுந்து பார்த்தால் கால்வாயின் நடுவில் மட்டும் ஓடை போல நீர் இருப்பதும், படகு சாய்ந்து கிடப்பதும் உண்டு. கீழேயுள்ள லாக்கின் மதகு இரவில் திறந்து கிடந்திருக்கும், அல்லது கதவு கசிந்திருக்கும். முதலில் அதை மூட வேண்டும். மேலிருந்து நீரைத் திறந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் வூஸ்டர் பர்மிங்காம் கால்வாயில் 30 லாக்குகள் தொடர்ந்து வரும் டார்டிபிக், டிவைஸஸ் அருகே 29 லாக்குகள் கொண்ட கேன் ஹில் போன்ற தொடர்களில் ஒரு பகுதியை நிரப்பப்போய் மேலுள்ள பகுதியை வறளவிட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. 2012 முதல் இந்நீர்வழிகளை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் அமைப்பை அழைத்து, அவர்கள் சொல்வதன்படி செய்வதே சரி. பெரிய தொடர்களில் தன்னார்வ லாக் காவலர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த இடத்தின் நீர் மனப்பாடம்.

என்ஜின் சூடேறுகிறது

கரையில் கட்டி, என்ஜினை நிறுத்த வேண்டும். வெப்பமானி ஏறுவதோடு சார்ஜ் விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்புண்டு. விளக்கு எரியாவிட்டால் முதலில் புரொப்பெல்லரைச் சந்தேகிக்க வேண்டும்; துணி சுற்றிய புரொப்பெல்லரைச் சுழற்றும் என்ஜின் அளவுக்கு மீறி உழைத்துச் சூடேறும். பல நேரோபோட்களில் குளிர்விக்கும் நீர், படகின் இரும்புச் சுவரோடு சேர்த்துப் பற்றவைத்த ஒரு தொட்டியில் சுற்றி வரும். அதில் நீர் குறைந்தாலோ காற்று அடைத்தாலோ சூடு தணியாது. சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். முழுதும் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். வாடகைப் படகில் இதற்கு மேல் கை வைக்காமல் நிறுவனத்தை அழைத்துவிடுவதே நல்லது.

விளக்குகள் மங்குகின்றன, பம்பு நிற்காமல் ஓடுகிறது

என்ஜினைக் கிளப்பும் பேட்டரி தனி, வீட்டு உபயோகப் பேட்டரிகள் தனி என்பதால், விளக்கு மங்கினாலும் என்ஜின் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்கினால் இந்நிலை வரும். நாள்தோறும் நான்கு மணி நேரமாவது என்ஜின் ஓட வேண்டும். கட்டி நிறுத்திய நிலையில் இரவு 8 முதல் காலை 8 வரை என்ஜினை ஓட்டக் கூடாது என்பது விதி. ஆகவே மாலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் பம்பு ஓயாமல் ஓடினால், ஏதோ ஒரு குழாய் சரியாக மூடப்படவில்லை அல்லது தொட்டி காலியாகிவிட்டது. உடனே பம்பின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். தொட்டியை நிரப்பிய பிறகு, குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும்.

அறைக்குள் இருப்பவர்களுக்கெல்லாம் தலைவலி

ஒருவருக்கு மட்டும் வந்தால் வேறு காரணம் இருக்கலாம். உள்ளே இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், சோர்வு வந்தால் கார்பன் மோனாக்சைடு என்றே முடிவு செய்து, எல்லாரையும் வெளியே அழைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, 999 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காகக் காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பது, சமையல் அடுப்பை அறை சூடாக எரியவிடுவது, அணைந்ததாக நினைத்த பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவருவது ஆகியவையே வழக்கமான காரணங்கள். தங்கும் அறையுள்ள படகுகளில் இதற்கான எச்சரிக்கைக் கருவி 2019 முதல் கட்டாயம். முதல் நாளே அதன் பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமையல் வாயு மணம் வந்தாலோ, சுவிட்ச் எதையும் தொடாமல் சிலிண்டரை மூட வேண்டும். அது காற்றைவிடக் கனமானதாதலால் படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும்.

என்ஜின் அறையின் அடியில் நீர்

புரொப்பெல்லர் தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்தில் சிறிது சொட்டுவது இயல்பு. ஒவ்வொரு மாலையும் என்ஜினை நிறுத்தியதும் கிரீஸ் திருகை இறுக்கம் தெரியும்வரை திருகிவிட்டால் சொட்டு நின்றுவிடும். நிற்காமல் வந்தால் முதலில் வீட் ஹாட்ச் மூடியைப் பார்க்க வேண்டும்.

திட்டமிட்ட இடத்தை எட்ட முடியவில்லை

இதையும் ஒரு கோளாறாகவே எண்ணிப் பிழை நீக்க வேண்டும். ஏனென்றால் மேலே சொன்ன விபத்துகள் பல, நேரம் போய்விட்டதே என்ற பதற்றத்தில் நேர்பவை. வேகத்தைக் கூட்டுவது தீர்வல்ல. வேக வரம்பு மணிக்கு 4 மைல். ஆழம் குறைந்த நீரில் விசையைக் கூட்டினால் படகின் பின்பகுதி அழுந்தி, பின்னால் அலை உடைந்து கரையை அரிக்குமே தவிர, வேகம் ஏறாது. கட்டி நிற்கும் படகுகளைக் கடக்கையில் இன்னும் மெதுவாகவே போக வேண்டும். இல்லையென்றால் அவற்றைக் கட்டக் கரையில் அடித்திருக்கும் முளைகள் பிடுங்கிக்கொள்ளும்.

கணக்கைத் திருத்துவதே வழி. மைல்களையும் லாக்குகளையும் கூட்டி, மணிக்கு மூன்று அல்லது நான்கு வீதம் வகுத்தால் நேரம் கிடைக்கும். ஒரு வாரப் பயணமாகப் பலர் எடுக்கும் ஃபோர் கவுண்டீஸ் ரிங் என்ற வட்டக் கால்வாய்ப் பாதை 110 மைல், 94 லாக்குகள், கூட்டினால் 204. மணிக்கு மூன்று என்றால் 68 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம். ஓய்வாகப் போக நினைக்கும் நண்பர்களுக்கு இது பொருந்தாது. வட்டப்பாதையில் பாதி வழிக்குப் பின் திரும்புவதால் பயனில்லை என்பதால், முதல் இரண்டு நாளிலேயே முடிவெடுக்க வேண்டும். திரும்புவதென்றால், படகைத் திருப்புவதற்காகக் கால்வாயை அகலப்படுத்தியிருக்கும் இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே குறித்துள்ள நீளத்தைப் படகின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தும் இடத்தைத் தேர்ந்து, அங்கே போய்ச் சேர எத்தனை லாக்குகள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 50 அடிக்கு அமைத்த இடத்தில் 57 அடிப் படகு திரும்பாது.